குடும்பப் பெயர் கட்டாயம்

காரிமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பேருந்துக்காக நின்றிருந்தபோதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்தும் உதவிப் பேராசிரியை. எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நான் எழுதி அனுப்பிய கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்திருந்தது; அவர்களுடைய கருத்துகள்தான் அந்த அஞ்சலில் இருந்தன. முதலாமவர் நாலு காற்புள்ளியைத் திருத்தச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டாமவர் விடவில்லை. இதே தருமபுரி மாவட்டத்தில், இதே ஃப்ளோரைடு தண்ணீரைப் பற்றி ஓர் ஆய்வாளர் ஏற்கெனவே நல்ல வேலை செய்திருக்கிறாராம். அவரை நான் படித்ததாகவே தெரியவில்லையாம். அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டாமல் இதை வெளியிடுவது சரியல்ல என்று முடித்திருந்தார். அந்த ஆய்வாளரை ஆண் என்று வைத்துக்கொண்டே வரிக்கு வரி எழுதியிருந்தார். கீழே பெயரும் கொடுத்திருந்தார்.

அது என் அப்பாவின் பெயர்.

என் அப்பா எட்டாவது வரை படித்தவர். காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊரில், மானாவாரி நிலத்தில் ராகியும் நிலக்கடலையும் போட்டு வாழ்ந்தவர். கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறார், அதைத் தவிர அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லி, அந்தத் தண்ணீரால் பல்லில் படிந்த கறையைப் பார்த்தது நான். போர்வெல் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வந்தது நான். முட்டி மடங்காத பெரியவர்களைத் தரையில் உட்கார வைத்துப் பார்த்து, அவர்கள் எழ முடியாமல் தவித்தபோது கை கொடுத்துத் தூக்கிவிட்டது நான். அதையெல்லாம் எழுதியதும் நான்தான். இப்போது யாரோ ஒருவர், என் ஆய்வை ஏன் நான் படிக்கவில்லை என்று என்னையே கேட்கிறார். அதையும் என் அப்பாவைக் காட்டிக் கேட்கிறார். நின்ற இடத்திலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. பேருந்து வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை, ஓட்டுநர் ஒலிப்பானை அடித்த பிறகுதான் ஏறினேன்.

நான் ஏன் என் பழைய கட்டுரையைச் சேர்க்கவில்லை என்றால், அந்த இதழின் விதி அப்படி. எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. சொந்தக் கட்டுரைகளைப் பட்டியலில் போட்டால் தெரிந்துவிடுமே என்று எடுத்துவிட்டேன். விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்ததற்குக் கிடைத்த பரிசு இது.

என் ஆய்வு என் அப்பாவுடையதாக ஆனது ஒரு கட்டத்தால். பல வருடங்களுக்கு முன் என் முதல் கட்டுரையை இணையத்தில் ஏற்றும்போது ஒரு படிவம் வந்தது. முதல் பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்துக்கு மேல் சிவப்பில் ஒரு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் நகர முடியாது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பெயர் உண்டு, முன்னால் அப்பாவின் முதல் எழுத்து உண்டு, அவ்வளவுதான். அந்த எழுத்தைப் போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று படிவம் திருப்பி அனுப்பியது. எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்துப் பார்த்தேன். புள்ளி செல்லாது என்றது. என் பெயரையே அங்கே போட்டுவிட்டு முதல் கட்டத்தைக் காலியாக விட்டேன். அதற்கும் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. கடைசியில் சலித்துப்போய் அப்பாவின் பெயரை முழுசாக அடித்தேன். உடனே பச்சை விளக்கு எரிந்து அடுத்த பக்கம் திறந்தது.

அது என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மருத்துவ இதழ்களில் மேற்கோள் பட்டியல் எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குடும்பப் பெயர் முழுசாக முதலில் வரும், சொந்தப் பெயர் அதன் பின்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கும். நடுவில் காற்புள்ளி கிடையாது, எழுத்துக்குப் பின் புள்ளி கிடையாது. ஆறு பேர் வரை பெயர் எழுதலாம், அதற்கு மேல் போனால் மற்றும் பிறர். இப்படித்தான் என் அப்பா முழுசாக உட்கார்ந்துகொண்டார், நான் அவருக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்தாக நின்றேன். நம் ஊரில் அப்பாதான் பிள்ளைக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்பார். அந்தப் படிவம் அதையும் தலைகீழாக்கிவிட்டது.

இரண்டாவது கட்டுரைக்குப் படிவம் நிரப்பியது அப்போதைய துறைத் தலைவர். கல்யாணமான பெண்தானே என்று என்னைக் கேட்காமலே என் கணவர் பெயரைப் போட்டுவிட்டார். அச்சில் பார்த்து நானும் என் கணவரும் சேர்ந்தே திகைத்தோம். மூன்றாவது இதழ் எப்படியோ ஒற்றை எழுத்தை ஏற்றுக்கொண்டது, அதில் மட்டும் நான் நானாக இருக்கிறேன். ஆக மூன்று கட்டுரை, மூன்று ஆள். இணையத்தில் தேடினால் மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

இதில் எரிச்சல் என்னவென்றால், மேற்கோள் பட்டியல் சரிசெய்வதில் எங்கள் துறையிலேயே நான்தான் கெட்டிக்காரி. யார் கட்டுரை எழுதினாலும் கடைசியில் பட்டியல் என் மேசைக்குத்தான் வரும். இதழ் பெயரின் சுருக்கம் சரியா, ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி இருக்கிறதா, தொகுதி எண்ணுக்கும் பக்க எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இதற்கென்று இருக்கும் மென்பொருளை நம்பமாட்டேன், அது நம் ஆட்களின் பெயரை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் போடும். ஊரார் பெயரையெல்லாம் இப்படி ஒரு புள்ளி பிசகாமல் சரிசெய்கிறவளுக்குத் தன் பெயரைச் சரிசெய்ய முடியவில்லை.

வெறும் படிவக் கோளாறு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அப்பாவின் பெயர் என்பதால்தான் என்னால் முடியவில்லை.

பன்னிரண்டாவது முடித்து எனக்கு மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கிற மதிப்பெண் வந்தபோது, விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போடவில்லை. மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பெண் பிள்ளையை ஐந்து வருடம் வெளியூரில் விட்டால் ஊரில் தலை காட்ட முடியாது என்றார். நான் காலில் விழுந்தேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் வேட்டியை உதறிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். கடைசியில் அம்மாதான் காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்காக அப்பா அம்மாவோடு எட்டு மாதம் பேசவில்லை. நான் படித்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட விடுதிக்கு வந்து பார்க்கவில்லை. அப்படிப்பட்டவரின் பெயர்தான் என் உழைப்பின் தலைமாட்டில் நிற்கிறது.

மதிப்பீட்டாளர் கேட்டபடி அந்தக் கட்டுரையைச் சேர்த்தேன். அதை எழுதியது நான்தான் என்று சொன்னால் விதியை மீறியதாகிவிடும், வேறு வழியில்லை. ஒன்பதாவது மேற்கோளாக அது உள்ளே நுழைந்தது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனை எண்ணையும் ஒவ்வொன்றாக மாற்றினேன், கட்டுரைக்குள் சதுர அடைப்புக்குள் இருந்த எண்களையும் தேடித் தேடி மாற்றினேன். அப்பாவின் பெயரை என் கையாலேயே அடித்தேன். கூடவே மதிப்பீட்டாளருக்கு ஒரு பதில் எழுத வேண்டும். தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி, விடுபட்ட முக்கியமான ஆய்வு இப்போது சேர்க்கப்பட்டுள்ளது என்று எழுதினேன். அதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் கல்லூரியில் பதவி உயர்வுக் கோப்பு கேட்டார்கள். இணைப் பேராசிரியர் ஆக அச்சில் வந்த மூன்று கட்டுரைகள் வேண்டும். என்னிடம் சரியாக மூன்று இருந்தன. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே எனக்கு மேலே போயிருந்தார்கள். இந்த முறை விட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். கோப்பை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். அமைதியான மனிதர், யாரையும் அதட்டமாட்டார். மூன்று கட்டுரையின் முதல் பக்கத்தையும் மேசையில் பரப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மேடம், மூணு கட்டுரை வேணும்னு ரூல். மூணு இருக்குது. ஆனா மூணு பேரு எழுதுன மாதிரி இல்லீங்களா இருக்குது?"

"மூணும் நான்தாங்க."

"உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதுங்களே."

வழியையும் அவரே சொன்னார். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் அடித்து, நோட்டரி முத்திரை வாங்கி வர வேண்டும். அப்பாவின் பெயர் வருவதால் அவரும் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பதவி உயர்வுப் பட்டியலை மூடிவிடுவார்கள்.

தருமபுரியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பத்திரம் அடித்து வாங்கினேன். கீழே வலது பக்கம் உறுதிமொழி அளிப்பவர் என்று போட்டு, என் மூன்று பெயரையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடித்துக் கொடுத்தார்கள். இடது பக்கம் தந்தையின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அப்பாவுக்கு முட்டி மடங்காது, பேருந்து படி ஏற முடியாது. நான் எழுதுகிற தண்ணீரைத்தான் அவரும் இத்தனை வருடம் குடித்தார். அதனால் அவர் கையெழுத்தை முதலில் வீட்டிலேயே வாங்கிக்கொண்டு, நோட்டரி முன்னால் நான் பிறகு போடலாம் என்று முடிவு செய்தேன். வியாழக்கிழமை விடுப்புப் போட்டு ஊருக்குப் போனேன்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா பாப்பா. எம் பேரு போன்ல வருதாமே! பக்கத்து வூட்டு மருமவ நர்ஸ் வேலைக்குப் போகுதில்ல, அதுதான் காட்டுச்சு. தண்ணியப் பத்திப் பெருசா எழுதியிருக்குதாம். எம் பேருதான் முன்னால நிக்குது, உம் பேரு பின்னால ஒரு எழுத்துதான். சந்தையில எல்லாருகிட்டயும் சொல்லிப்புட்டன்."

நான் பத்திரத்தை எடுத்து முதலிலிருந்து படித்துக் காட்டினேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அது நானில்லீன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"அது நீங்க இல்லதானப்பா."

"எம் பேருதான இருக்குது?"

"பேரு உங்களுது. வேலை என்னுது."

"இப்ப எல்லாருகிட்டயும் சொல்லிட்டனே பாப்பா. இனிமே போய் அது நானில்லீன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? அப்பிடியே வுட்டுரு. பேருல என்ன இருக்குது?"

அவ்வளவுதான், எனக்குள் இருந்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அப்பாவை எதிர்த்து நான் குரல் உயர்த்தியதே இல்லை. அன்று தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பேருல ஒண்ணுமில்லீன்னா எதுக்குச் சந்தையில போய்ச் சொன்னீங்க? படிக்கப் போறன்னு உங்க கால்ல வுழுந்தன். வேட்டிய உதறிக்கிட்டுப் போனீங்க. அஞ்சு வருசம் ஆஸ்டலுக்கு ஒரு நாளு வந்தீங்களா? அந்தப் பக்கத்துல உங்க பேரப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுதுப்பா. உங்க பேருன்னாலே எரியுது."

சொல்லிவிட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். சமையற்கட்டு வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே வந்து, அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"எங் கையெழுத்துல படிச்சவ அவ. அந்தப் போன்ல எம் பேரு எங்கியாச்சும் வருதா? நான் கேட்டனா? போட்டுக் குடுங்க."

அப்பா பேனாவை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தாளைத் தொடைமேல் வைத்து, கோணல் இல்லாமல் நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். வலது பக்கத்தில் போட்டிருந்தார். உறுதிமொழி அளிப்பவர் என்ற இடத்தில், என் மூன்று பெயர்களுக்கு மேலே. என் கையெழுத்து வர வேண்டிய இடம் நிரம்பிவிட்டது.

"இங்க எதுக்குப் போட்டீங்க?"

"எம் பேரு இங்கதான அடிச்சிருக்குது?" என்றார். தந்தை என்று இருந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது, பெயர் இல்லை. என் மூன்று பெயர்களில் ஒன்றோடு ஒட்டியிருந்த தன் பெயரை அவர் தேடிப் பிடித்துத்தான் போட்டிருக்கிறார். குறும்பு எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஒரு வேலையைச் சரியாக முடித்த மனிதரைப் போல் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அம்மா போட்ட காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு மேற்பார்வை. முடித்துவிட்டு அலுவலகத்துக்குப் போனபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. தருமபுரிக்குப் போய்ப் புதுத் தாள் அடித்து வர நேரமில்லை. தவறு நடந்துவிட்டது, திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். கெட்டுப்போன பத்திரத்தை அத்தாட்சியாகக் காட்டினேன். கண்காணிப்பாளர் அதை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார். முதல் கட்டுரையின் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெயரின் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்.

"கரெக்டாத்தானுங்க மேடம் இருக்குது. எதுக்குப் பயப்படறீங்க? கட்டுரையில இருக்கற பேரும் கையெழுத்தும் ஒத்துப்போகுது. சீல் திங்கக்கிழமை வாங்கிக்கலாம், நான் இப்பவே லிஸ்ட்ல ஏத்திடறன்."

"சார், அது எங்க அப்பா கையெழுத்து."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க சொன்னாத்தான மேடம் அது எங்களுக்குத் தெரியும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும், இணைப் பேராசிரியை. ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். இத்தனை வருடம் நான் உழைத்ததற்கு இது கூடவா கிடைக்கக் கூடாது என்று தோன்றியது. என் பின்னால் வந்தவர்களை மேடம் என்றும் சார் என்றும் கூப்பிட்டது ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்தேன். ஒரு காலத்தில் நான் அழுது கேட்டும் விழாத கையெழுத்து. நான் நான்தான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. அது போதும் என்கிறது அலுவலகம், அதை வைத்து என்னை மேலே ஏற்றுகிறேன் என்கிறது.

"குடுங்க சார்."

"மேடம், இன்னும் அரை மணி நேரந்தான் இருக்குது. அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கணும், யோசிச்சுக்குங்க."

"குடுங்க."

தாளை வாங்கி, அவர் மேசை முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் கோப்பை மூடினார். ஐந்து மணிக்குப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எல்லாரும் போன பிறகு போய்ப் பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை. மூன்றில் ஒன்றுகூட இல்லை.